மரத்துக்குச் சாதி இல்லை. மண்ணுக்குப் பட்டா உண்டு

இதழுக்கு வருகிற கவிதைகளில் மரமும் ஏரியும் வானமும் நிறைய வருகின்றன. விடுதிகளிலிருந்து எழுதுகிற நம் பிள்ளைகள் 'மனுசங்களவிட மரம் தேவல' என்கிறார்கள். வெறும் வர்ணனை என்று இதை நான் ஒதுக்க மாட்டேன். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் 'நீ எந்தத் தெரு?' என்று நைசாக விசாரிக்கிறான். வேப்பமரம் விசாரிப்பதில்லை. அதன் நிழலில் கொஞ்ச நேரம் மூச்சு விடுவது கோழைத்தனம் ஆகாது. ஊரோடு ஒட்டாமல் போனது நம் மனசின் கோளாறும் இல்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்தவன் செய்த வேலை அது.

2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட ரோகித் வெமுலா, கடைசிக் கடிதத்திலும் நட்சத்திரங்களைப் பற்றி எழுதிவிட்டுத்தான் போனார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட அவரும் நான்கு தோழர்களும் பல்கலைக்கழக வளாகத்திலேயே திறந்தவெளியில் கிடந்தார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'வெலிவாடா'. தெலுங்கில் அது சேரி. வானத்தை நேசித்தவருக்குத் தரையில் இடம் தரவில்லை.

தோழர்களே, இயற்கையையும் நமக்குச் சும்மா விட்டுவைக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆடு மாடு குடிக்கலாம் என்றிருந்த குளம்தான். தீட்டு என்று தண்ணீரா சொன்னது? சாதி இந்துக்கள்தான் சாணியையும் கோமியத்தையும் குடங்குடமாகக் கொட்டி அதைச் 'சுத்தம்' செய்தார்கள்!

இங்கே, செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் நமக்கென்று ஒதுக்க ஆணையிட்ட பஞ்சமி நிலம் எவன் எவன் கைக்கோ போனது. அதை மீட்கப் போராடிய காரணை மக்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

ஏரி அழகுதான், சரி. மீன் குத்தகை யாருக்கு? பனை நம்ம பனைதான். அது நிற்கிற வரப்பு யாருது? பல ஊர்களில் ஏரி மடையைத் திறந்து அடைத்த நீர்க்கட்டிகள் நம் பாட்டன்கள். பாய்ந்த தண்ணீர் அவர்களுடைய வயலுக்குப் போகவில்லை; அவர்களுக்கு வயலே இல்லை. இந்தக் கேள்விகளைக் கேட்காத இயற்கைக் காதல் பண்ணையார் வீட்டுப் பொழுதுபோக்கு.

ஆகவே எழுதுங்கள். மரத்தை எழுதும்போது அது யார் பட்டாவில் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். பஞ்சமி நிலம் எந்த சர்வே எண், இன்றைக்கு யார் உழுகிறார் என்று குறித்து வாருங்கள். கவிதையோடு அந்தக் கணக்கையும் அனுப்புங்கள். இரண்டையும் போடுவோம்.