கோலும் கூடும்

எங்கள் வடசென்னைப் பக்கத்தில் விளையாட்டு என்றால் முதலில் கேரம், அப்புறந்தான் மற்றவை. மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்று வந்ததும், 2024-ல் காசிமா என்ற சின்னப் பெண் அமெரிக்காவிலிருந்து மூன்று தங்கப் பதக்கங்களுடன் திரும்பியதும் இங்கே சிறு குழந்தைக்கும் தெரிந்த சமாசாரங்கள். கேரம் ஆட்டத்தில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. ஸ்ட்ரைக்கரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பி விடலாம். அந்தச் சௌகரியத்தின் அருமை எனக்கு நாற்பது வயது வரையில் தெரியவில்லை. என் பெண் பூல் ஆடக் கற்றுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

பூல் என்றால் தண்ணீர் நிறைந்த குளம் என்று நினைத்துவிட வேண்டாம். பச்சைத் துணி விரித்த மேஜை மீது பந்துகளைக் கோலால் இடித்துப் பைகளில் தள்ளும் ஆட்டம் அது. பில்லியர்ட்ஸுக்குத் தம்பி, ஸ்னூக்கருக்குப் பங்காளி. "பெண் குழந்தைக்கு இந்தத் துரைமார் ஆட்டம் எதற்கு?" என்று அண்டை அயலார் கேட்காமல் இல்லை. துரைமார் ஆட்டந்தான், சந்தேகமில்லை. ஸ்னூக்கர் என்ற ஆட்டத்தை 1875-ல் ஜபல்பூரில் சேம்பர்லின் என்னும் வெள்ளைக்காரப் படை அதிகாரி (பின்னாளில் பிரதம மந்திரியாக இருந்தவர் அல்லர், அவர் வேறு) உண்டாக்கினார் என்றும், 1882-ல் நமது உதகமண்டலத்து கிளப்பில்தான் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன என்றும் சொல்வார்கள். ஆனால் 1958-ல் கல்கத்தாவில் வில்ஸன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸில் உலகப் பட்டத்தை வென்ற அன்றே அந்தக் கணக்கு நேராகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். ஆகையால் அண்டை அயலாருக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். பதில் சொல்ல முடியாமல் போனது என் மைத்துனனுக்குத்தான்.

அவன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன். இரவு முறை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்த் தூங்காமல் ஒரு மணி நேரம் பூல் ஆடிவிட்டுத்தான் போவான். பதினோரு வருஷம் அவன் கையிலேயே இருந்த கோல் ஒன்று உண்டு. மேப்பிள் மரம், நடுவில் திருகிப் பூட்டும் இரண்டு துண்டுகள். சென்ற வருஷம் என் பெண் முதல் முறையாகக் கல்லூரிப் பந்தயத்தில் ஜெயித்து வந்தபோது, அந்தக் கோலை அவளிடம் கொடுத்துவிட்டான். "இனிமேல் நீ ஆடு, கண்ணு. எனக்கு அங்கே கிடக்கிற கோல் போதும்" என்றான்.

அந்தக் கோலைக் கெடுத்தவன் நான். உறை பழசாகிக் கிழிந்திருந்தது. நான் அதை எறிந்துவிட்டு, கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்த ஒரு துணிப் பையை வாங்கிக் கொடுத்தேன். குடை உறைக்கு அண்ணன் என்று சொல்லத் தக்க பை. மழைக்காலம் வந்தது. பெண் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினாள். நான் அந்தப் பையை எடுத்துச் சமையலறைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அது அங்கேயே சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் ஈரச் சுவர். மறு பக்கம் அடுப்பின் வெக்கை. தை மாதம் மைத்துனன் வந்தான். கோலை எடுத்து நுனித் துண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பிறகு சாப்பாட்டு மேஜையின் கண்ணாடி மேல் உருட்டினான். அது சரளமாக உருளவில்லை. நொண்டிக் குதிரை போல் தட்டித் தட்டிப் போயிற்று.

நேரான கோலைச் செங்கோல் என்றும் வளைந்ததைக் கொடுங்கோல் என்றும் நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். என் வீட்டிலேயே இரண்டு மாதத்தில் ஒரு செங்கோலைக் கொடுங்கோலாக்கினேன். மைத்துனன் கோபித்துக்கொண்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். "போகட்டும், அத்தான். மரந்தானே" என்று மட்டும் சொன்னான்.

மரம் ஏன் வளைகிறது? ஈரம் பட்டால் மரம் வளையும் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பருக்கும். ஈரத்தைக் கக்கிச் சுருங்கும். கோல் முழுவதும் ஒரே அளவாகப் பருத்துச் சுருங்கினால் அவ்வளவு கேடில்லை. ஒரு பக்கம் பருத்து மறு பக்கம் காய்ந்தால், அல்லது திடீர் திடீரென்று மாறினால், வளைவு வந்து சேரும். சாய்த்து வைத்தாலோ கோலின் சொந்த பாரமே அந்த வளைவுக்குத் துணை செய்கிறது. வள்ளூரில் எங்களுக்கு ஒரு பக்கம் எண்ணூர் முகத்துவாரத்து உப்புக் காற்று. மறு பக்கம் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம். ஸ்னூக்கர் கோல்களில் பெரும்பாலானவை செய்யப்படும் மரத்துக்கு ஆஷ் என்று பெயர். எங்கள் ஊரில் ஆஷ் என்றால் ஜன்னல் விளிம்பில் படிகிற சாம்பல்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தத் தூளும் கோலுக்கு நல்லதல்ல.

இந்தப் பாடங்களையெல்லாம் எனக்கு நடத்தியவள் என் மனைவி. அவள் சிறு வயதில் வயலின் கற்றவள். "வயலினைப் பெட்டியில் வைக்காமல் எங்கள் அப்பா தூங்க மாட்டார். பெட்டியை வெயிலில் வைத்தால் சாப்பிட மாட்டார். நீங்கள் கோலைத் துடைப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தீர்கள்" என்றாள். வாஸ்தவம். வீணையும் தம்புராவும் மிருதங்கமும் உள்ள வீடுகளில் இதெல்லாம் எழுதாச் சட்டம். கோலும் அந்த ஜாதியைச் சேர்ந்த மரச் சாமான்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஆனி மாதம் மைத்துனன் தன் போனஸ் பணத்தில் மருமகளுக்குப் புதுக் கோல் ஒன்று வாங்கினான். என்னிடம் அதைக் காட்டி, "கூடு உங்கள் பொறுப்பு, அத்தான்" என்றான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்திப்பட்டுப் புதுநகரில் மின்சார ரயில் ஏறி நானும் மனைவியும் பெண்ணுமாகப் பெரியமேட்டுக்குப் போனோம். விளையாட்டுச் சாமான் கடைகளும் தோல் மண்டிகளும் அங்கே அருகருகே இருக்கின்றன. கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது ஓரங்களில் அலுமினியம் கட்டிய பெரிய பெட்டி. பட்டாளத்து அதிகாரியின் டிரங்குப் பெட்டி மாதிரி கம்பீரமாக இருந்தது. "இரண்டுக்கு நான்கு, சார்" என்றார். இரண்டு அடித்தண்டும் நான்கு நுனித்தண்டும் வைக்க இடம் உண்டு என்பது அதன் பொருள். என் பெண்ணிடம் இருப்பது ஒரே கோல். பாக்கி இடத்தில் என்ன வைப்பது? காலி இடமுள்ள பெட்டியில் சாமான் ஆடும். ஆடுகிற சாமான் அடிபடும். ஒன்றுக்கு இரண்டு போதும் என்றோம். நுனித்தண்டுதான் சீக்கிரம் தேய்கிற பாகம். ஆகையால் உபரியாக ஒன்றுக்கு மட்டும் இடம் இருக்கட்டும் என்று பெண் சொன்னாள்.

அடுத்தபடி நீளம். இங்கே பலரும் ஏமாந்து போகிறார்கள். பூல் கோல் சுமார் 58 அங்குலம், சரிபாதியில் பிரியும். ஒவ்வொரு துண்டும் 29 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்னூக்கர் கோல் 57, 58 அங்குலம். அது பல சமயம் முக்கால் பாகத்தில் பிரிகிறது. அதன் நீளத் துண்டு மட்டும் 40 அங்குலத்துக்கு மேல் போகும். ஆகவே கூடு வாங்கப் போகிறவர் கோலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அளவு எழுதிய சீட்டை நம்பிப் போவது, கால் அளவைச் சொல்லிச் செருப்பு வாங்குகிற கதைதான்.

பிறகு தோல் உறை ஒன்று வந்தது. தேன் நிறம், கைத்தையல், முகர்ந்தாலே பெரிய மனிதர் வீட்டு வாசனை. விலையைக் கேட்டதும் என் மனைவி அதை மெதுவாகக் கீழே வைத்தாள். நான் வாங்காததற்கு விலை மட்டும் காரணமல்ல. தோல் நல்ல பொருள்தான். பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ இருந்தால் வாங்கியிருப்பேன். எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் தோல் பெல்ட்டிலேயே பூஞ்சணம் பூத்துவிடுகிறது. வாரம் ஒரு முறை துடைத்துக் காற்றாட வைக்கிறவர்களுக்குத்தான் தோல் லாயக்கு. என் யோக்கியதை எனக்குத் தெரியும்.

கடைசியில் தேர்ந்தெடுத்தது நைலான் துணி போர்த்திய கெட்டியான குழல் ஒன்று. தோளில் மாட்டிக்கொள்ள வார் உண்டு. வெளியே பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. அதன் பெருமையெல்லாம் உள்ளே இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி அறை, ஒன்றோடொன்று உரசாது. அறைகளின் உட்புறம் மென்மையான துணி ஒட்டியிருந்தது. கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். பசை கட்டி தட்டவில்லை, துணி விலகவில்லை. அடியில் கெட்டியான பஞ்சு மெத்தை. இதை மட்டும் எந்தக் கூட்டிலும் பார்க்காமல் விடக் கூடாது. கோலின் நுனியில் தோல் பொட்டும் அதைத் தாங்கும் பூணும் இருக்கின்றன. மறு முனையில் திருகு இருக்கிறது. கூடு கை தவறி விழுந்தால் முழு அடியும் இவற்றின் மேல்தான் விழும். துண்டுகளை உள்ளே வைத்து மூடிக் காதருகே குலுக்கினேன். சத்தம் வரவில்லை. கடைக்காரர், "என்ன சார், தேங்காயா வாங்குகிறீர்கள்?" என்று கேட்டார். தேங்காயில் சத்தம் வர வேண்டும், ஐயா. இதில் வரக் கூடாது!

ஜிப் பற்றி ஒரு வார்த்தை. இரும்பு ஜிப் உப்புக் காற்றில் ஒரு வருஷத்தில் துருப்பிடித்து வாயை மூடிக்கொள்ளும். நைலான் பல் வைத்ததாகவோ பித்தளையாகவோ பார்த்து வாங்குவது நலம். கோல் நுனியில் தடவும் நீலச் சுண்ணக்கட்டிக்கு வெளியே ஒரு தனிப் பை இருக்க வேண்டும். உள்ளே போட்டால் கோல் முழுவதும் நீலகண்டமாகிவிடும்.

ரயில் பிரயாணத்துக்குத் தோளில் மாட்டும் குழலே சிறந்தது. பெட்டியாக இருந்தால் அதன் கூர் மூலை தண்டையார்பேட்டையில் ஏறுகிறவர் முழங்காலில் இடிக்கும். அவர் சும்மா இருக்க மாட்டார். விமானம் என்றால் விஷயம் வேறு. இந்திய விமானங்களில் கோலைக் கையோடு உள்ளே கொண்டுபோக அனுமதியில்லை. சரக்கோடு சரக்காகத்தான் போக வேண்டும். அப்பொழுது அந்த அலுமினியப் பெட்டியை நான் பரிகசித்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாங்கத்தான் வேண்டும். 1990-லிருந்து 1999-க்குள் ஏழு முறை ஸ்னூக்கர் உலகப் பட்டம் பெற்ற ஸ்டீபன் ஹென்ட்ரி, சிறு வயது முதல் ஒரே கோலைத்தான் வைத்துக்கொண்டிருந்தார். விலை உயர்ந்த கோல்கூட அல்ல அது. 2003-ல் ஒரு விமானப் பிரயாணத்தில் அது முறிந்து போயிற்று. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சமையலறைச் சுவர் ஞாபகம் வந்தது.

கூடு வாங்கியதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது. எந்தக் கூடும் ஈரத்தை அடியோடு தடுக்காது. மாற்றத்தை மெதுவாக்கும், அவ்வளவுதான். ஆடி முடித்ததும் கை வேர்வையை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் கோலை உள்ளே வைக்க வேண்டும். புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிகா பொட்டலத்தை என் மனைவி எறியாமல் எடுத்துக் கூட்டின் பையில் போட்டிருக்கிறாள். வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் கூட்டை விட்டுப் போவது கூடாது. வீட்டில் அதை அலமாரிக்குள் படுக்க வைத்திருக்கிறோம். சமையலறைப் பக்கம் அதைக் கொண்டுபோக எனக்கு மட்டும் உத்தரவில்லை.

கூடு வந்த மறு வாரம் மைத்துனன் வந்தான். ஜிப்பைத் திறந்தான், அடி மெத்தையை விரலால் அழுத்தினான், தலையை ஆட்டினான். புதுக் கோலின் இரண்டு துண்டுகளையும் எடுத்து மேஜைக் கண்ணாடியில் உருட்டினான். நேராக ஓடின. பிறகு உபரி அறையில் ஏதோ இருப்பதைக் கண்டு அதையும் உருவினான். பழைய கோலின் வளைந்த நுனித்தண்டு. அதை அங்கே வைத்தது நான் அல்ல.

"இது எதற்கடி இங்கே?" என்று கேட்டான்.

"இருக்கட்டும், மாமா" என்றாள் என் பெண்.

அவன் அதை ஒரு முறை வேட்டித் தலைப்பால் துடைத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுக் காப்பி கேட்டான்.