பதிவுக்கு முன் நிகழ்ச்சி நிரல்



படவேட்டின் பட்டு நெசவாளர்கள் பலர், விரும்பிய நிகழ்ச்சி வரும் நேரத்தில் தறியில் இருக்கிறார்கள். பதிவுசெய்து இரவில் பார்ப்பதே அவர்களுக்கு வசதி. 2004-இல் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. டிஷ்ஷும், செயற்கைக்கோள் ட்யூனர் பொருத்திய கணினியும் போதும்.

டிவிஹெட்எண்ட், நெக்ஸ்ட்பிவிஆர் ஆகிய பதிவு மென்பொருள்கள் விலையில்லாமல் கிடைக்கின்றன. முன்னது லினக்ஸுக்கானது, பின்னது விண்டோஸிலும் ஓடும். ஒளிபரப்போடு வரும் நிகழ்ச்சி நிரலையும், நிரலைத் தனியே தரும் எக்ஸ்எம்எல்டிவி கோப்பையும் இரண்டுமே படிக்கும். நிரல் தவறினால் எந்த மென்பொருளும் பயன்படாது. ஒளிபரப்பு நிரலின் நேரம் உலகப் பொது நேரத்தில் குறிக்கப்படுவதால், கணினியில் இந்திய நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. கணினி உலகப் பொது நேரத்திலேயே இருந்தால் நிரல் ஐந்தரை மணி நேரம் பிசகும்.

2024-இல் தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசையான பொதிகை, டிடி தமிழ் ஆனது. அதன் அன்றாட நிரலை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி எக்ஸ்எம்எல்டிவி வடிவிலும், தமிழ்த் தலைப்புகளோடும் பொதுவில் தர வேண்டும்.

– ஒரு வாசகர், படவேடு