மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள்

வெள்ளிக்கிழமை இரவுகளில் பெங்களூரு மெஜஸ்டிக் பகுதியைக் கடப்போர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். முதுகில் பெரிய பையும் காலில் கனத்த காலணியுமாக இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். குக்கே சுப்பிரமணியா, சிக்கமகளூரு, குடகு என்று போகும் ஊர் மாறும், நோக்கம் ஒன்றுதான். சனி, ஞாயிறு இரு நாளும் மலையில் நடந்துவிட்டுத் திங்கட்கிழமை காலை கால்வலியுடன் அலுவலகம் திரும்புவர். இவர்களுள் வங்கிப் பணியாளர்களும் உண்டு. நாற்பதைக் கடந்த எங்களைப் போன்றோரும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பத்து நாள் விடுப்பெடுத்து இமயமலை வரை செல்வோரின் எண்ணிக்கையும் நம் நகரில் பெருகி வருகிறது.

இது வரவேற்கத்தக்க பழக்கம் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆயினும் எத்தனை நாள், எவ்வளவு செலவு, எந்தச் சிகரம் என்றெல்லாம் ஆராய்கிற நாம், யாருடன் செல்கிறோம், அவர்களோடு என்ன உடன்பாடு என்பதை மட்டும் ஆராய்வதே இல்லை. மலையில் நேரும் பல துன்பங்களுக்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

முதலில் நன்றாக நிறைவேறிய ஒரு பயணத்தைப் பார்ப்போம். 1984 மே 23 அன்று எவரெஸ்ட் சிகரத்தை அடைந்து, அவ்வாறு அடைந்த முதல் இந்தியப் பெண் என்ற பெயரைப் பெற்றவர் பச்சேந்திரி பால். அவர் 1997இல் பெண்கள் மட்டுமே அடங்கிய குழு ஒன்றை அருணாசலப் பிரதேசத்திலிருந்து சியாச்சின் வரை இமயத்தின் நெடுக்கே நடத்திச் சென்றார். 225 நாள்கள் நீடித்த நடை அது. கால் நூற்றாண்டு கழித்து 2022இல், தாம் அறுபதைக் கடந்த நிலையில், மீண்டும் புறப்பட்டார். இம்முறை உடன் வந்தோர் அனைவரும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள். பெங்களூரிலிருந்தும் மைசூரிலிருந்தும் சென்ற அறுபது வயதுக்கு மேற்பட்டோர் அவர்களில் இருந்தனர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. சர்வதேசப் பெண்கள் தினமான மார்ச் 8 அன்று தில்லியில் வழியனுப்பப்பட்ட அவர்கள், மியன்மார் எல்லையை ஒட்டிய பாங்சாவ் கணவாயிலிருந்து நடக்கத் தொடங்கி, நேபாளம், உத்தராகண்ட், இமாசலம் வழியாக ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் கடந்து, ஜூலை மாதம் கார்கில் பகுதியை அடைந்தனர். பதினேழாயிரம் அடிக்கும் உயரமான லம்காகா கணவாயும் அவர்கள் வழியில் இருந்தது. அதற்கு முந்தைய அக்டோபரில்தான் அதே கணவாய்ப் பாதையில் பனிப்புயலில் சிக்கி மலையேற்றக் குழு ஒன்றைச் சேர்ந்த பலர் மாண்டிருந்தனர்.

இச்செய்தி வெளிவந்தபோது பலரும் வயதைக் கண்டு வியந்தனர். எங்களை வியக்க வைத்தது வேறொன்று. வெவ்வேறு மாநிலத்தவர், வெவ்வேறு உடல்வலிமை கொண்டவர் நான்கு மாதங்களுக்கும் மேலாக ஒரே வழியில், ஒரே கூடார வரிசையில், ஒரே அடுப்பில் சமைத்த உணவை உண்டு நடந்திருக்கிறார்கள். ஒரு வாரச் சுற்றுலாவிலேயே முகம் திருப்பிக்கொள்ளும் நண்பர்களை நாம் அறிவோம். இவர்களில் சிலர் பல ஆண்டுகளாக ஒருவரோடு ஒருவர் மலையேறிப் பழகியவர்கள். யார் காலையில் தாமதமாக எழுவார், யாருக்கு ஏற்றம் எளிது, யாருக்கு இறக்கத்தில் முழங்கால் தகராறு செய்யும் என்பதெல்லாம் முன்பே தெரிந்தவர்கள் சேர்ந்த குழு எவ்வளவு தொலைவும் செல்லும்.

இவ்விடத்தில் வங்கித் தொழிலிலிருந்து ஓர் ஒப்புமை. நிலமோ பிணையமோ இல்லாத சிறு விவசாயிகளுக்கும் குத்தகைதாரர்களுக்கும் கடன் வழங்கக் கூட்டுப் பொறுப்புக் குழு என்றோர் ஏற்பாடு உண்டு. நான்கு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து குழு அமைப்பர். ஒருவர் தவறினால் மற்றவர் ஈடுசெய்வர். அக்குழுவின் உறுப்பினர்களை வங்கி தேர்ந்தெடுப்பதில்லை. அவர்களே ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அண்டை வீட்டாரின் நாணயம் அண்டை வீட்டாருக்கே தெரியும் என்பதுதான் காரணம். வணிகவியல் மாணவர்கள் எல்லோரும் படித்த 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும் இதன் வேர் உண்டு. பலர் கூடி ஒரு வாக்குறுதி அளித்தால், அதை முழுமையாக நிறைவேற்றும்படி அவர்களுள் எவரையும் கேட்கலாம் என்கிறது அதன் 43ஆம் பிரிவு. ஒரே கயிற்றில் இடுப்பைப் பிணைத்துக்கொண்டு பனிச்சரிவில் ஏறுவோருக்கு இப்பிரிவை விளக்கவே தேவையில்லை. 1953 மே 29 அன்று எவரெஸ்டில் நின்ற டென்சிங்கும் ஹிலாரியும், முதலில் கால் வைத்தவர் யார் என்று உலகமே துளைத்தெடுத்தபோது, ஏறக்குறைய இருவரும் சேர்ந்தே அடைந்தோம் என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டனர். சில அடிகள் முந்தியவர் ஹிலாரி என்பதை டென்சிங் இரண்டாண்டு கழித்துத் தம் தன்வரலாற்றில்தான் தெரிவித்தார். கயிற்றில் கட்டுண்டவர்களுக்கு அந்தக் கேள்வியே பொருளற்றதாகத் தோன்றியிருக்க வேண்டும்.

இன்று பெங்களூரில் குழுக்கள் அமையும் விதம் இதற்கு நேர்மாறானது. கைப்பேசியில் பணம் செலுத்தியவுடன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்படுகிறோம். முன்பின் அறியாத இருபத்தைந்து பேர் ஒரே பேருந்தில் ஏறுகிறோம். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு இரத்த அழுத்தம் உண்டா, ஆஸ்துமா உண்டா என்பது யாருக்கும் தெரியாது. அரை நாள் குன்றேற்றத்துக்கு இது பெரிய குறையன்று. புதிய நட்புகள் பிறப்பதும் இப்படித்தான். ஆனால் பல நாள் நீளும் உயர்மலைப் பயணத்துக்கு இதே முறையைக் கையாள்வதை எங்களால் ஏற்க முடியவில்லை.

2024 ஜூன் முதல் வாரத்தில் நம் நகரை உலுக்கிய செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டப் பகுதியில் உள்ள சகஸ்ர தால் ஏரிக்குச் செல்லும் பாதையில், வழிகாட்டிகள் உட்பட 22 பேர் கொண்ட குழு கடும் பனிப்புயலில் சிக்கியது. பெரும்பாலோர் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். முப்பதுகளில் இருந்தவர்கள் முதல் எழுபதைக் கடந்தவர்கள் வரை அதில் இருந்தனர். ஒன்பது பேர் உயிரிழந்தனர். 13 பேர் மீட்கப்பட்டனர். விமானப்படை ஹெலிகாப்டர்களும் மாநிலப் பேரிடர் மீட்புப் படையினரும் ஈடுபட்டனர். கர்நாடக அமைச்சர் கிருஷ்ண பைரே கௌடா தேராதூனுக்கே சென்று மீட்பைக் கவனித்தார். அவர்கள் முன்பின் அறியாதவர்களாகக் கூடிய கூட்டமல்லர். மலைநடையில் அனுபவம் உள்ளவர்களும் இருந்தனர். அன்று மலையில் என்ன செய்திருக்க வேண்டும் என்று பெங்களூரில் நாற்காலியில் அமர்ந்து தீர்ப்பு வழங்க நமக்குத் தகுதியில்லை. அனுபவமும் நட்பும் ஒருங்கே இருந்தாலும் மலை இடம் கொடுக்காத நாள்கள் உண்டு என்பதை மட்டும் இங்கே குறிக்கிறோம்.

ஏன் என்று சற்று விளக்க வேண்டும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதனாலேயே உயரம் நமக்குப் பழகியது என்று நம்மில் பலர் நம்புகின்றனர். உடல் அப்படி நினைப்பதில்லை. 4,400 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதில் அறுபது விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். எனவேதான் 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் தூங்கும் இடத்தின் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்றும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்றும் மலை மருத்துவம் வலியுறுத்துகிறது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவை தோன்றினால் இறங்குவதே முதல் மருந்து. இங்குதான் நண்பரின் பங்கு வருகிறது. உயர நோய் முற்றும்போது முதலில் மங்குவது நோயாளியின் நிதானம்தான். "எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் நடங்கள்" என்று அவர் சொல்லுவார். அது அவருடைய இயல்பான பேச்சா, நோயின் பேச்சா என்று பிரித்தறிய, பத்து ஆண்டு பழகியவரால் முடியும். முந்தாநாள் அறிமுகமானவரால் முடியாது.

அப்படியே அறிந்தாலும், திரும்பலாம் என்று வாய்விட்டுச் சொல்வது எளிதன்று. தேராதூன் வரை விமானக் கட்டணம், ஏற்பாட்டாளருக்குச் செலுத்திய தொகை, வாங்கிய குளிராடை, மேலாளரிடம் மன்றாடிப் பெற்ற விடுப்பு ஆகிய அனைத்தும் மனக்கணக்கில் வந்து நிற்கும். கணக்கியலில் இதற்கு மூழ்கிய செலவு என்று பெயர். இனி எடுக்கும் முடிவால் திரும்பி வராத பணம் அது. ஆதலால் முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் பெற்ற நாமும் நடைமுறையில் சேர்த்துவிடுகிறோம். வாராக்கடனாகத் தெரிந்துவிட்ட கணக்குக்கு மேலும் கடன் கொடுத்து உயிரூட்டப் பார்க்கும் பழைய வழக்கத்தை வங்கித் துறை எவ்வளவு விலை கொடுத்துக் கைவிட்டது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆகவே திரும்பும் முடிவை மலையில் எடுக்கக்கூடாது. புறப்படும் முன்பே எடுத்துவிட வேண்டும். நாங்கள் எழுவர், மூவர் வங்கியினர், மற்றவர் பள்ளிக்காலத் தோழர்கள், 2019 டிசம்பரில் குமார பர்வதம் சென்றபோது இதைக் கடைப்பிடித்தோம். 1,712 மீட்டர் உயரமுள்ள அம்மலையை இமயத்தோடு ஒப்பிட முடியாதுதான். எனினும் குக்கேயிலிருந்து அடர்காட்டின் வழியே செங்குத்தாக ஏறும் பாதை தென்னிந்தியாவின் கடினமான நடைகளுள் ஒன்று. வழியில் உள்ள பட்டரு மனையில் சோறும் சாம்பாரும் உண்டுவிட்டு, அன்றிரவே இரண்டு விதிகளை ஒப்புக்கொண்டோம். எழுவரில் மிக மெதுவாக நடப்பவர் முன்னே செல்வார். அவரை எவரும் முந்தக்கூடாது. மறுநாள் காலை பதினொன்றரை மணிக்கு எங்கே நின்றாலும் அங்கிருந்து திரும்ப வேண்டும்.

பதினொன்றரைக்கு நாங்கள் சேஷ பர்வதத்தில் நின்றோம். எதிரே குமார பர்வதம் தெளிவாகத் தெரிந்தது. "இன்னும் ஒரு மணி நேரம்தாம்ப்பா, நாங்க ரெண்டு பேரும் ஓடிப் போய்ட்டு வந்துடறோம்" என்றார் எங்களுள் வேகமானவர். முன்னே நடந்து வந்தவர் ஒன்றும் பேசாமல் கைக்கடிகாரத்தை மட்டும் காட்டினார். திரும்பினோம். வெளிச்சம் இருக்கும்போதே எழுவரும் குக்கேயில் தேநீர் அருந்தினோம். வேகமான நண்பர் இன்றளவும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். அடுத்த பயணத்துக்கு முதலில் பெயர் கொடுப்பவரும் அவரே. மெதுவாக நடப்பவரை முன்னே விடுவதில் இன்னொரு நன்மையையும் அன்று கண்டோம். பின்தங்கியவருக்காகக் காத்திருக்கும்போது மற்றவர் இளைப்பாறுவர். அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தவுடன் இவர்கள் புறப்பட்டுவிடுவர். ஓய்வு மிகுதியாகத் தேவைப்படுபவருக்கு ஓய்வே கிடைக்காத அந்த வழக்கமான அநீதி இம்முறையில் நேர்வதில்லை.

அரசின் விதிகள் ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்கின்றன. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பின் தமிழ்நாடு விழித்துக்கொண்டது. 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளை வகுத்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. குமார பர்வதத்தில் 2024 ஜனவரியில் அளவுமீறிய கூட்டம் சேர்ந்ததைக் கண்ட கர்நாடக வனத்துறையும் மலையேற்றங்களைச் சிலகாலம் நிறுத்திவைத்து, பின்னர் முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. எத்தனை பேர் செல்லலாம் என்பதை அரசு வகுக்கலாம். எவர் எவருடன் செல்வது என்பதை அரசு வகுக்க இயலாது.

புறப்படும் முன் வீட்டில் ஒரு தாளில் பாதை, தங்கும் இடங்கள், உடன் வருவோரின் தொலைபேசி எண்கள், திரும்பும் நாள் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்தில் சாகசச் செயல்கள் விலக்கப்பட்டுள்ளனவா, மலையிலிருந்து மீட்கும் செலவு அடங்குமா என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும், பலர் படிப்பதில்லை. வைப்புக் கணக்குகளில் 2025 நவம்பர் முதல் நால்வர் வரை நியமனதாரராகக் குறிப்பிடலாம். கிளைக்கு வரும்போது அதையும் முடித்துவிடலாம்.

இறுதியாக, பணியாளர்களுக்கு விடுப்பு வழங்கும் இடத்தில் இருப்போருக்கு ஒரு விண்ணப்பம். பத்து நாள் நடையை எட்டு நாளில் முடிக்கும்படி நெருக்குவது பெரும்பாலும் மலையன்று, திங்கட்கிழமை வருகைப் பதிவேடுதான். ஏறாமல் தங்க வேண்டிய நாளைத்தான் அவ்வேளையில் முதலில் வெட்டுகிறார்கள். இமயமலைப் பயணத்துக்கு விடுப்பு கேட்டு வரும் ஊழியரிடம் எத்தனை நாள் என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணோடு இரண்டு நாளைக் கூட்டிக் கையொப்பமிடுங்கள். எங்கள் கிளையில் சென்ற ஆண்டு முதல் அவ்வாறு செய்து வருகிறோம். அந்த இரண்டு நாள்களைப் பயன்படுத்தாமல் முன்கூட்டியே பணிக்குத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.