அரிவாள் செல்லும் காதும்

அரிவாள் செல் சோகை என்றதும் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு மார்க் கேள்விதான். பீட்டா குளோபினில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். எழுதினால் மார்க். நானும் அப்படித்தான் எழுதினேன். இந்த நோய் காதையும் கெடுக்கும் என்பது போன மாதம் செமினாருக்காகத் தேடப்போய்த்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு வளைந்து, விறைத்து, நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கிறது. பல உறுப்புகளில் ஒரு பாதை அடைத்தால் பக்கத்துப் பாதை கொஞ்சமாவது கைகொடுக்கும். உட்காதுக்கு அந்த வசதி இல்லை. அங்கே போவது ஒரே ஒரு மெல்லிய தமனி, முட்டுச்சந்து மாதிரி. அது அடைத்தால் காக்ளியாவின் ரோமச் செல்கள் பட்டினியில் சாகும். செத்தவை திரும்ப முளைப்பதில்லை. சமநிலை உறுப்பும் அங்கேயே இருப்பதால் தலைசுற்றலும் வரலாம். சிலருக்குத் திடீரென்று ஒரே நாளில் காது போகிறது; சிலருக்கு மெதுவாக, யாருக்கும் தெரியாமல்.

இதில் ஒரு வேடிக்கை (வேடிக்கை என்று சொல்லலாமா?). மருந்தும் சேர்ந்து படுத்தும். அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் சேரும் இரும்பை வெளியேற்றக் கொடுக்கும் டெஃபராக்ஸமின், தொற்றுக்குப் போடும் ஜென்டாமைசின், இரண்டுமே காதைப் பதம் பார்க்கக்கூடியவை.

உச்ச ஸ்தாயி ஒலிகள் மட்டும் போய்விட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். பையனைக் கூப்பிட்டால் திரும்புவான், காது கேட்கிறது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் பட்டம், சட்டம், கட்டம் மூன்றும் அவனுக்கு ஒன்றுபோலக் கேட்கலாம். டிக்டேஷனில் தப்பு விடுவான். அப்புறம் கடைசி பெஞ்ச், மக்கு என்ற பட்டம்.

இது நம் ஊர் விஷயமும்கூட. இந்தியாவில் இந்தக் கோளாறைப் பற்றி வந்த முதல் ஆய்வுகளில் ஒன்று, 1952-ல், நீலகிரி மலைவாழ் மக்களிடம் நடந்தது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய ஒழிப்பு இயக்கம் 40 வயதுக்குட்பட்ட 7 கோடி பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் ரத்தம் எடுத்து அட்டை கொடுப்பதோடு வேலை முடிந்துவிடக் கூடாது என்பது என் கட்சி. நோய் உறுதியான பிள்ளைகளுக்கு வருஷம் ஒருமுறை ஆடியோமெட்ரி செய்தால் என்ன? ஊசி இல்லை, வலி இல்லை. ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

"உயிர் போகிற வலி, பக்கவாதம் எல்லாம் இருக்கும்போது காதா முக்கியம்?" என்று செமினாரில் ஒரு நண்பன் கேட்டான். உயிர்தான் முதலில், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்துகளால் இந்தப் பிள்ளைகள் பிழைத்துப் பள்ளிக்கூடம் வருகிறார்கள். வந்தவனுக்குப் பாடத்தில் பாதி கேட்கவில்லை என்றால்?

இந்த நோய் உள்ள யாராவது "திடீர்னு ஒரு காது அடைச்ச மாதிரி இருக்கு" என்றால் அழுக்கு என்று எண்ணெய் விட்டுக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே இ.என்.டி. டாக்டரிடம் போக வேண்டும். அரிவாள் செல் இருப்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்கு வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு அந்த நோயின் வலியைக் கிளப்பிவிடலாம். மலைக் கிராமத்திலிருந்து அன்றைக்கே இ.என்.டி. டாக்டரைப் பார்ப்பது எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள், என்னிடம் பதில் இல்லை.