தேரிக்குள்ளே ஒரு சுனை

லீவு விட்டால் குற்றாலம், இல்லையென்றால் பாபநாசம். தச்சநல்லூர்க்காரர்கள் வண்டியை எடுத்தால் அது பெரும்பாலும் மேற்கேதான் திரும்பும். கிழக்கே திருப்பினால் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பாலைவனம் இருக்கிறது. ராஜஸ்தானுக்கு டிக்கெட் போட்டு ஒட்டகம் ஏறிவிட்டு வந்தவர்கள்கூட இதை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்!

குதிரைமொழித் தேரிதான் அது. விடியற்காலையில் கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஆதிச்சநல்லூர், ஆழ்வார்திருநகரி என்று திருச்செந்தூர் சாலை முழுக்க தாமிரபரணி கூடவே வரும். வயல், வாழை, தென்திருப்பேரைப் பக்கம் கடம்பாகுளம். குரும்பூரில் பிரிந்து உள்ளே போனால் பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பனையும் முந்திரியும் மட்டும் மிஞ்சும். பிறகு மண் சிவந்துவிடும். அப்படியொரு சிவப்பு!

மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் வந்த நிறம் இது. ஆடிக்காற்று அடிக்கும்போது இந்த மணல் இடம் பெயரும். நேற்றுப் பார்த்த மேடு இன்று வேறு மாதிரி இருக்கும். தார்ச்சாலையை விட்டு காரை இறக்கினால் டயர் புதைந்துவிடும், நடப்பதுதான் நல்லது.

இவ்வளவு வறண்ட இடத்தில் குளிக்க ஏது தண்ணீர்? மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனால் தெரியும். சுற்றிலும் செம்மணல், நடுவே மரக்கூட்டம், அதன் நிழலில் ஒரு சுனை. தேரியில் பெய்யும் மழை ஓடாது; மணல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீர்தான் இங்கே சுனையாகவும், சுற்றுவட்டாரத்தில் கிணறாகவும் எட்டிப் பார்க்கிறது.

இரவு கூடாரம் போடலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். தேரி காப்புக்காடு, வனத்துறை அனுமதியில்லாமல் தங்கக் கூடாது. ஆனால் 'கேம்பிங்' நமக்கு ஒன்றும் புதிதல்ல. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில்களுக்குப் போகும் குடும்பங்கள் மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, கல் கூட்டி அடுப்பு வைத்துப் பொங்கல் பொங்குவது வேறு என்னவாம்? அந்தச் சமயமாகப் பார்த்துப் போனால், ஆச்சி முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் ஒரே மரத்தடியில் இருக்கலாம். கூட்டம் இருக்கும், பரவாயில்லை. எரிந்த கொள்ளியை நன்றாக அணைத்து, பிளாஸ்டிக்கைப் பையில் கட்டி எடுத்து வந்துவிட வேண்டும்.

சாயங்காலம் திருச்செந்தூர் கடல். அலை இழுக்கும், இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போகக் கூடாது, பிள்ளைகளின் கையை விடக் கூடாது. கடலில் குளித்தவர்கள் அடுத்து நாழிக்கிணற்றுக்குப் போவது வழக்கம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர்! மழை நீர் நிலத்துக்குள் இறங்கி நிற்கும் வரைதான் கடல் ஒதுங்கி இருக்கும். ஆழ்துளைக் கிணறு போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்பு உள்ளே வந்துவிடும். உடன்குடி வட்டாரத்தில் உப்பாகிப்போன கிணறுகள் ஏற்கெனவே உண்டு. அங்கே கருப்பட்டி வாங்க நிறுத்தும்போது, கடைக்காரரிடம் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.