மூளை பிதுங்க லாக்டிக் அமிலம்தான் காரணமா? ராஜபாளையத்துக்காரர் கவனிக்க வேண்டியது வேறு

ஜிம்முக்குப் போன மறுநாள் கால் வலித்தால் ‘லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு’ என்போம். அதுவே தப்பு. பயிற்சியில் உருவாகும் லாக்டேட் ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும். இப்போது அதன் மீது இன்னும் பெரிய பழி: தலையில் அடிபட்டவர்களின் மூளை பிதுங்குவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டாம். தொடர்பு இருப்பது உண்மைதான். ஆனால் எது முதலில், எது பின்னால் என்று பார்க்க வேண்டும்.

மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே சுமார் 1,400 கிராம் மூளை, கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் திரவம். ரத்தம் கட்டினாலோ மூளை வீங்கினாலோ விரிய இடம் கிடையாது. அழுத்தம் ஏற ஏற, மூளையின் ஒரு பகுதி இடம் மாறிப் பிதுங்குகிறது. கீழே இறங்கினால், மூச்சை நடத்தும் மூளைத்தண்டு நசுங்கும். இதைத்தான் டாக்டர்கள் ‘ஹெர்னியேஷன்’ என்கிறார்கள்.

அழுத்தத்தால் ரத்த ஓட்டம் குறையும் இடத்தில் ஆக்சிஜன் கிடைக்காது. செல்கள் ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்துச் சமாளிக்கும், லாக்டேட் குவியும். அந்த அமிலத்தன்மை வீக்கத்தை மோசமாக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 2009-ல் வெளியான பிரான்ஸ் மருத்துவர்களின் ஆய்வில், தலைக்காய நோயாளிகள் 34 பேரிடம், அடர்த்தியான சோடியம் லாக்டேட் ஏற்றியபோது வழக்கமான மானிட்டாலைவிட நன்றாக மூளை அழுத்தம் குறைந்தது. சின்ன ஆய்வுதான். இருந்தாலும் லாக்டேட்டை வில்லன் என்று முத்திரை குத்த முடியாது. (1780-ல் ஷீலே இதைப் புளித்த பாலிலிருந்து பிரித்தார். பால்கோவா ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால் புளிப்பது புதுசா என்ன?)

சரி, நமக்கு இதில் என்ன? ராஜபாளையத்திலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை சுமார் 85 கிலோமீட்டர், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்து குறைவு. இந்தத் தூரத்தை வைத்துக்கொண்டு நாம் செய்யும் இரண்டு காரியங்கள்தான் எனக்குப் பயம் தருகின்றன.

ஒன்று, ‘நல்லாத்தானே பேசுறான், தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்.’ மண்டை ஓட்டுக்கு அடியில் ரத்தம் கசியும்போது, சில மணி நேரம் தெளிவாகப் பேசிவிட்டுப் பிறகு மயங்குவது உண்டு. திரும்பத் திரும்ப வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு கண்ணின் கருமணி மட்டும் விரிவது எல்லாம் அவசர நிலை.

இரண்டு, ‘முதல்ல ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க சார்.’ தலைக்காயத்தில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலை டாக்டர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். சர்க்கரை செலவானதும் மிஞ்சும் தண்ணீர் மூளை வீக்கத்தைக் கூட்டும். ஆக்சிஜன் இல்லாத செல்லுக்குச் சர்க்கரை கூடினால் லாக்டிக் அமிலமும் கூடும். ஆய்வுகள் சொல்லும் அந்தத் தொடர்பு நம்ம ஊரில் நேரடியாக உதவும் இடம் இதுதான். டாக்டர் உப்புநீர் பாட்டில் போட்டால் சண்டை போடாதீர்கள்.

அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறிப்பிட்ட தொகை வரை இலவசம். ஆகவே பணம் புரட்ட நேரம் கடத்த வேண்டாம். 108-க்குப் பேசும்போது ‘ஆக்சிடென்ட்’ என்பதோடு நிறுத்தாமல், ‘தலையில அடி, வாந்தி எடுக்கிறார்’ என்று சொல்லுங்கள். ‘ஸ்கேனும் மூளை அறுவை சிகிச்சை டாக்டரும் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்க’ என்று கேளுங்கள்.