"உங்களுக்கு எதைப் பார்த்தாலும் அதுதானா?"

கட்சுஹிரோ ஓட்டோமோவின் 'ஸ்டீம்பாய்' (2004) அனிமேஷன் படத்தை நண்பர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஆளாளுக்குக் கருத்துச் சொன்னார்கள். "ஒவ்வொரு ஃப்ரேமும் ஓவியம்." "1,80,000 படம் வரைந்திருக்கிறார்களாம்!" "கதைதான் இழுவை." நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஆரம்பத்தில் காட்டிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் பிறகு எங்கே போனார்கள்? ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் அதுதானா?"

ஆமாம் தோழர், அதுதான்.

படம் அழகு, அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பற்சக்கரங்களையும் புகையையும் லண்டனுக்கு மேலே எழும்பும் நீராவிக் கோட்டையையும் வாய் பிளந்துதான் நானும் பார்த்தேன். ஆனால் கதை நடப்பது 1866இல். நாயகன் ரே, மான்செஸ்டர் பஞ்சாலை ஒன்றில் இயந்திரம் பழுது பார்க்கும் சிறுவன். அந்த ஊர் ஆலைகளுக்கு ஆண்டாண்டு காலமாகப் பஞ்சு விளைவித்துக் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் கறுப்பின அடிமைகள். அங்கே அடிமைமுறையைச் சட்டம் முழுதாக ஒழித்தது 1865 டிசம்பரில், அதாவது கதைக்கு முந்தைய வருடம். ஆலைக்குள்ளேயோ, 1844ஆம் ஆண்டுச் சட்டப்படி 8 வயதுப் பிள்ளையை அரைநாள் வேலை வாங்கலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் நூற்பு இயந்திரத்துக்கு அடியில் தவழ்ந்துபோய்ப் பஞ்சுக் கழிவு பொறுக்கியவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். நேரம் தப்பினால் விரல் போகும், சில சமயம் உயிரும் போகும். அந்த வேலைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'ஸ்கேவஞ்சர்'. இந்தச் சொல் நமக்குத் தெரியாததா? மலக்குழியில் இறக்கப்படும் நம் ஆட்களை 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'மேனுவல் ஸ்கேவஞ்சர்' என்றுதானே எழுதி வைத்திருக்கிறது! அங்கே வறுமை உள்ளே தள்ளியது, இங்கே பிறப்பு தள்ளுகிறது. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்தவனால் வெறும் பற்சக்கரத்தை மட்டும் ரசித்துவிட்டு எழுந்து வர முடியாது.

படத்தில் விஞ்ஞானம் யாருக்கு என்று பெரிய சண்டை நடக்கிறது. தாத்தா ஒன்று சொல்கிறார், அப்பா ஒன்று சொல்கிறார். ஆயுத வியாபாரிக்கு ஒரு கணக்கு, பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு கணக்கு. ஆலைத் தொழிலாளியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அடித்துக்கொள்வது கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய ஒரு பந்துக்காக. அதற்குள் ஒரு கோட்டையையே கிளப்பும் நீராவி அடைபட்டிருக்கிறது. கரி வெட்ட வேண்டாம், அள்ள வேண்டாம், உலைக்கு முன்னால் வேக வேண்டாம். உழைப்பவனே இல்லாத ஆற்றல்! முதலாளிகளின் நெடுநாள் கனவு இதுதானே. "கதை இழுவை" என்றவர்கள் இந்த ஓட்டையை அல்லவா பிடித்திருக்க வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், ஓவியர்கள் வரைந்த படங்களை எண்ணிச் சொல்லத் தெரிகிறது. அது 'கலை உழைப்பு'. கழிவு பொறுக்கிய கையைப் பற்றிப் பேசினால் மட்டும் 'அரசியல்' ஆகிவிடுகிறது.

அடுத்து மியாசாகியின் 'லபூதா' (1986) பார்க்கலாம் என்றார்கள். வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் 1984-85 வேலைநிறுத்தத்தில் போராடிய விதம் மனதில் தங்கி அவர் எடுத்த படம் அது. அதன் நாயகன் பாசு சுரங்கத்தில் வேலை பார்க்கும் பையன். "மிதக்கும் கோட்டை என்ன அழகு தெரியுமா" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். நானும் போவேன், இதே கேள்வியோடு.